தொட்டிலும் தராசும்

"பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க" என்று மணமேடையில் நின்று வாழ்த்துகிறார் முதியவர். பதினாறு என்பது பிள்ளைகளைக் குறித்ததன்று, பதினாறு வகைச் செல்வங்களையே குறித்தது என்று புலவர் பெருமக்கள் விளக்கம் தருவர். விளக்கம் அழகானதுதான். ஆனால் அந்த விளக்கத்தை நம் பாட்டிமார் அறிந்தாரில்லை. எட்டுப் பெற்றார்கள், பத்துப் பெற்றார்கள். பெற்றவற்றுள் சிலவற்றைப் புதைத்தார்கள், மீந்தவற்றை வளர்த்தார்கள். நாற்பது வயதிலேயே கிழவிகளானார்கள். பிறகு வந்தது சிவப்பு முக்கோணம். மருத்துவமனைச் சுவரிலே, பேருந்தின் முதுகிலே, "நாம் இருவர், நமக்கு இருவர்" என்று அது பேசிற்று. குறைத்துக்கொள்க என்றனர், குறைத்துக்கொண்டார்கள். இன்றோ மூன்றாவது குரலொன்று எழுந்திருக்கிறது: "குறைத்தது போதும், இனிப் பெறுங்கள், விரைந்து பெறுங்கள்!"

பெருக்கு என்றது பழமை. குறை என்றது அரசு. மீண்டும் பெருக்கு என்கிறது அரசியல். மூன்று குரலுக்கும் காலம் வேறு, காரணம் வேறு. எனினும் பொதுவாக ஒன்று உண்டு. எவளை நோக்கி இந்தக் குரல்கள் எழுந்தனவோ, அவளிடம், "அம்மா, உன் விருப்பம் யாது?" என்று எந்தக் குரலும் கேட்டதில்லை.

ஒரு பெண் எத்தனை பிள்ளை பெறவேண்டும் என்று விதிக்க ஊருக்கோ, நாட்டுக்கோ, இனத்துக்கோ உரிமை உண்டா? இதுதான் நாம் ஆராயப் புகும் கேள்வி. விடை எளிது என்று எண்ணுவோரும் உளர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. "இல்லை" என்று நாவால் சொல்லிவிட்டு, "ஆனாலும்..." என்று உள்ளத்தால் இழுப்போரே நம்மிடையே மிகுதி.

சங்கரன்கோவிலில் இருந்து இதனை எழுதுகிறோம். வெளியூராருக்கு இவ்வூர் ஆடித் தபசு. உள்ளூராருக்கோ விசைத்தறியின் ஓசை. கோமதி அம்மன் ஒற்றைக் காலில் நின்று தவமிருந்தாளாம், அரியும் அரனும் ஒன்றாய்ச் சேர்ந்து காட்சி தந்தார்களாம். தவம் செய்யவேண்டியவள் பெண், காட்சி கொடுப்பவர் ஆண்கள்! புராணம் புனைந்தவர்களுக்கும் அந்த வேலைப் பங்கீடு இயற்கையாகவே தோன்றியிருக்கிறது. கதை கிடக்கட்டும். ஆடி மாதத்து வெயிலில் அந்தக் கூட்டத்திடையே நடந்து பாருங்கள். மணமாகி மூன்றாண்டு கடந்தும் மடி நிறையாத மருமகளை மாமியார் கைப்பற்றி அழைத்துச் செல்வதைக் காண்பீர்கள். மகன் எங்கே? அவனுக்கு அங்கே வேலை இல்லை. தமிழகத்துக் கோவில் மரங்கள் எத்தனையில் மரத்தொட்டிலும் துணித்தொட்டிலும் தொங்குகின்றன! அவற்றைக் கட்டிய கைகள் பெரும்பாலும் பெண்ணின் கைகளே. பிள்ளையில்லா இணைகளில் ஏறத்தாழப் பாதியளவில் ஆணிடத்தும் குறை காணப்படுகிறது என்று மருத்துவம் சொல்கிறது. ஆனால் "மலடி" என்ற சொல் நம் தெருக்களில் புழங்குவது போல "மலடன்" என்ற சொல் புழங்குவதில்லை. அகராதியில் இருக்கிறது, அவ்வளவே.

அதே தெருவில் மற்றொரு காட்சியும் உண்டு. தார் சுற்றும் பெண், மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றும் பெண், பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லும் பெண் ஆகிய இவர்கள் ஒன்றோ இரண்டோ பெற்று நிறுத்திக்கொண்டவர்கள். தமிழகம் முழுவதும் அப்படியே. ஒரு பெண் தன் வாழ்நாளில் பெறும் பிள்ளைகளின் சராசரியைக் கருவள விகிதம் என்பர். ஒரு தலைமுறை தன் இடத்தில் தன்னளவான மற்றொன்றை வைத்துச் செல்ல அது 2.1 ஆக இருக்கவேண்டும். தேசியக் குடும்பநல ஆய்வு 1992-93இல் தமிழகத்தில் கண்டது ஏறத்தாழ 2.5. அதே ஆய்வு 2019-21இல் கண்டது 1.8. மாதிரிப் பதிவு முறை என்னும் மற்றொரு கணக்கு 2020ஆம் ஆண்டுக்கே 1.4 என்று காட்டிற்று. சரிவு கண்கூடு.

இந்தச் சரிவை எந்த ஆணையும் செய்துவிடவில்லை. பிறந்த பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்தது. நம்பிக்கை வந்ததும், ஒன்று போனாலும் ஒன்று நிற்கட்டும் என்று பெற்றுக்கொண்டே போகும் அச்சம் அகன்றது. பெண் பள்ளிக்குப் போனாள். 1956இல் காமராசர் ஆட்சியிலும் 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியிலும் விரிந்த மதிய உணவு பள்ளிக்கு மேலும் பிள்ளைகளை இழுத்தது. மணவயது உயர்ந்தது. கிராமத்துச் செவிலி வீடு தேடி வந்தாள். முக்கோணம் சுவரில் இருந்தது உண்மை. சுவரெழுத்தைப் படிக்கக் கற்றுக்கொடுத்தது பள்ளிக்கூடம் என்பதையும் மறத்தலாகாது.

பெரிய நாட்டில் ஆயிரம் காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும். எது எதனை விளைத்தது என்று பிரித்தறிதல் அரிது. தீவுகள் அவ்வாறல்ல. கடல் சூழ்ந்த சிறு நிலத்தில் ஐம்பதாண்டுக்குள் நடந்ததைக் கண்ணாடிக் குடுவைக்குள் வைத்தாற்போலப் பார்க்கலாம். எனவே இரண்டு தீவுகளுக்கு வாசகரை அழைத்துச் செல்ல விரும்புகிறோம். இரண்டிலும் தமிழர் வாழ்கின்றனர். ஒன்றில் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று. மற்றொன்றில் பணத்தாளில் தமிழ் எண் அச்சிடப்பட்டிருக்கிறது.

பணத்தாளில் தமிழ் எண் உள்ள நாடு மொரீசியசு. நம் பாட்டனார் காலத்தில் மோரிசுத் தீவு என்பார்கள். பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரியிலிருந்து கைவினைஞராகவும், 1834க்குப் பின் ஆங்கிலேயர் காலத்தில் கரும்புத் தோட்டக் கூலிகளாகவும் நம்மவர் கப்பலேறிச் சென்ற இடம். 1940களின் இறுதியில் தொடங்கிய மலேரியா ஒழிப்பு முயற்சி அங்கே பெரு வெற்றி கண்டது. சாவு சட்டென்று குறைந்தது, பிறப்போ குறையவில்லை. 1960களின் தொடக்கத்தில் ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ ஆறு பிள்ளைகள். நிலமோ கையகலம். விளைவதோ கரும்பு ஒன்றே. 1961இல் பொருளியல் அறிஞர் ஜேம்சு மீடு (பின்னாளில், 1977இல், நோபல் பரிசு பெற்றவர்) அந்தத் தீவின் எதிர்காலத்தை ஆராய்ந்து இருண்ட படமொன்றைத் தீட்டினார். இப்படியே போனால் நூற்றாண்டின் இறுதியில் மக்கள்தொகை முப்பது இலட்சத்தை நெருங்கும் என்றார். ரிச்சர்டு திட்மசு என்னும் சமூகவியல் அறிஞரின் குழுவும் குடும்பக் கட்டுப்பாடு உடனடியாக வேண்டும் என்று அறிக்கை தந்தது. எதிர்ப்பு மூண்டது. கத்தோலிக்கத் திருச்சபை ஒருபுறம், பழமைப்பற்று ஒருபுறம்.

நூற்றாண்டு முடிந்தது. 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மொரீசியசின் மக்கள்தொகை பன்னிரண்டு இலட்சத்தைக்கூட எட்டவில்லை. முப்பது இலட்சம் எங்கே போயிற்று?

எவரையும் எவரும் கட்டிப்போட்டு அறுக்கவில்லை. 1957இல் தோன்றியிருந்த குடும்பத் திட்டச் சங்கம் மருந்தும் கருவியும் கொடுத்தது. அதனை ஏற்காத கத்தோலிக்கர், 1963இல் தமக்கென ஓர் அமைப்பைத் தோற்றுவித்து, நாட்கணக்குப் பார்த்து விலகியிருக்கும் முறையைக் கற்பித்தனர். அரசு இரண்டுக்கும் கைகொடுத்தது. சண்டையிடவேண்டியவர்கள் ஆளுக்கொரு வாயிலைத் திறந்து வைத்தனர், பெண் தனக்கேற்ற வாயிலில் நுழைந்தாள்! 1970களின் தொடக்கத்துக்குள்ளாகவே கருவள விகிதம் மூன்றரை அளவுக்கு இறங்கிவிட்டது. 1970இல் ஏற்றுமதித் தொழில் மண்டலம் பிறந்தது. ஆடைத் தொழிற்சாலைகள் எழுந்தன, அவற்றின் தையற்பொறிகளுக்கு முன்னே பெரும்பாலும் பெண்களே அமர்ந்தனர். கூலி குறைவு, வேலை கடினம், அதை நாம் மறைக்கவில்லை. ஆயினும் அது அவள் கைக்கு வந்த காசு. 1977இல் உயர்நிலைக் கல்வி கட்டணமின்றிக் கிடைத்தது. மணவயது ஏறியது. 1980களில் விகிதம் ஈரளவை நெருங்கியது, பிறகு அதற்கும் கீழே போயிற்று. 2020களில் ஒன்றரைக்கும் குறைவு. முப்பது இலட்சம் என்று அஞ்சிய தீவு, இப்போது முதியோர் பெருகுகிறார்களே என்று அஞ்சுகிறது. அறிஞர் மீடு தவறாகக் கணக்கிட்டார் என்று நாம் ஏளனம் செய்யோம். பிறப்பு மாறாதிருந்தால் இன்னது நேரும் என்றுதான் அவர் சொன்னார். பெண்கள் மாற்றிக்காட்டினார்கள்.

மற்றொரு தீவு சிங்கப்பூர். நம்மவர்க்கு அறிமுகம் வேண்டாத ஊர். சங்கரன்கோவில் வட்டாரத்திலும் "எங்கள் மகன் சிங்கப்பூரில்" என்று சொல்லும் வீடுகள் உண்டு. 1965இல் தனிநாடான சிங்கப்பூர், 1966இலேயே குடும்பத் திட்டத்துக்கென வாரியம் அமைத்தது. அப்போது விகிதம் ஏறத்தாழ நாலரை. 1972இல் "இரண்டே போதும்" என்ற முழக்கம் எழுந்தது. முழக்கத்தோடு விட்டார்களா? இல்லை. மூன்றாவது, நான்காவது பிள்ளையென்றால் மகப்பேற்று மருத்துவமனையில் கட்டணம் ஏறும். ஊதியத்தோடு கூடிய மகப்பேற்று விடுப்பு இல்லை. தொடக்கப்பள்ளியில் இடம் கேட்கும்போது பின்வரிசை. பெற்றோர் அறுவை செய்துகொண்டால் அந்தப் பின்வரிசை முன்வரிசையாகும்! பிறக்காத பிள்ளைக்கு எதிராகத் தொடங்கிய சட்டம், பிறந்துவிட்ட பிள்ளையையும் தண்டித்தது. 1975க்குள் விகிதம் 2.1க்குச் சற்றுக் கீழே இறங்கிற்று. அரசு எண்ணியதை அரசு பெற்றது.

அத்துடன் கதை முடிந்திருந்தால் ஆணையின் ஆற்றலை நாமும் வியந்திருப்போம். 1983இல் பிரதமர் லீ குவான் யூ, படித்த பெண்கள் மணம் புரியாமலும் பிள்ளை பெறாமலும் இருக்கிறார்கள், படிக்காத பெண்கள் மிகுதியாகப் பெறுகிறார்கள் என்று மேடையில் வருந்தினார். 1984இல் வந்த திட்டத்தைக் கேளுங்கள். பட்டம் பெற்ற தாய் மூன்றாவது பிள்ளை பெற்றால் அப்பிள்ளைக்குப் பள்ளியில் முன்னுரிமை. கல்வி குறைந்த இளந்தாய் ஒன்றிரண்டோடு நிறுத்தி அறுவை செய்துகொண்டால் பத்தாயிரம் வெள்ளி! மனுநீதி என்று நாம் எதிர்த்துவந்த ஒன்று, பூணூலைக் கழற்றிப் பட்டதாரி அங்கி அணிந்துகொண்டு வந்து நின்றதைப் பார்த்தீர்களா? உயர்ந்த வயிறு, தாழ்ந்த வயிறு! மக்கள் சினந்தனர். படித்த பெண்களே, எங்களுக்கு இந்தச் சலுகை வேண்டாம் என்றனர். அது பெருமைக்குரிய செய்தி. 1985இல் பள்ளி முன்னுரிமைத் திட்டம் கைவிடப்பட்டது.

1987இல் முழக்கம் தலைகீழானது: "மூன்று பெறுங்கள், வசதியிருந்தால் இன்னும் பெறுங்கள்." 2001 முதல் பிள்ளை பெற்றால் ஊக்கத்தொகை. வரிச்சலுகை, வீட்டுச்சலுகை, விடுப்பு எல்லாம் பின்தொடர்ந்தன. பயன்? 2023இல் சிங்கப்பூரின் கருவள விகிதம் 0.97. ஒன்றுக்கும் கீழே! குறை என்றபோது குறைந்தது, கூட்டு என்றபோது கூடவில்லை. எதனால்? குறைப்பது பெண்ணின் விருப்பத்தோடு ஒத்துப்போயிற்று. அவள் படிக்க விரும்பினாள், வேலைக்குப் போக விரும்பினாள். அரசு ஆணையிட்டிராவிட்டாலும் அவள் பெரும்பகுதி அதைச் செய்தே இருப்பாள். மொரீசியசு அதற்குச் சான்று. கூட்டுவதோ அவள் வாழ்க்கையோடு மோதுகிறது. நாள் முழுதும் அலுவல், மாலையில் வீட்டுவேலை, பிள்ளையின் படிப்புப் போட்டி, பெற்றதனால் தடைப்படும் பதவி உயர்வு ஆகிய இவற்றை ஒரு காசோலை ஈடுசெய்யுமா?

மோதும் இடத்தில் ஆணை கொடுமையாக மாறும். அதற்கு ஐரோப்பாவில் உருமேனியா சான்று. 1966இல் அந்நாட்டை ஆண்ட சௌசெசுக்கு, கருக்கலைப்பைத் தடை செய்து ஆணை பிறப்பித்தான். அடுத்த ஆண்டு பிறப்பு ஏறத்தாழ இரட்டித்தது. ஆண்டுகள் செல்லச்செல்ல மீண்டும் சரிந்தது. சரியாதிருந்தது ஒன்றுதான்: மறைவில் கருக்கலைத்து மாண்ட தாய்மாரின் எண்ணிக்கை. ஆயிரக்கணக்கில் மாண்டனர். 1989 டிசம்பரில் அவன் வீழ்ந்தபோது, புதிய அரசு உடனே நீக்கிய சட்டங்களுள் அதுவும் ஒன்று.

வெளிநாட்டுக் கதை போதும், நம் வீட்டுக்கு வருவோம். 1951ஆம் ஆண்டின் இந்தியக் குடிக்கணக்கு அறிக்கை, மூன்றுக்கு மேல் பிள்ளை பெறுவதற்கு ஒரு பெயர் சூட்டிற்று: முன்யோசனையற்ற தாய்மை. தாய்மையாம்! தந்தைமைக்கு அந்த அடைமொழி கிடையாது. அறிக்கை எழுதிய ஆர். ஏ. கோபாலசுவாமி பின்னர்ச் சென்னை மாநிலத்தின் தலைமைச் செயலாளராகி, ஆண்களுக்கு அறுவை செய்யும் திட்டத்தை முன்னின்று நடத்தினார் என்பதையும் நேர்மையோடு சொல்லவேண்டும். ஆணையும் கணக்கில் சேர்த்தாரே, அதற்காக நன்றி. அந்த வழி நீடிக்கவில்லை. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77ஆம் ஓராண்டில் மட்டும், நாடெங்கும் எண்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் அறுவைக்கு உள்ளாக்கப்பட்டனர். பெரும்பாலோர் ஆண்கள், பலர் வற்புறுத்தப்பட்டோர். மக்கள் வெகுண்டனர், 1977 தேர்தலில் ஆட்சி கவிழ்ந்தது. அன்று அரசுகள் கற்றுக்கொண்ட பாடம் என்ன தெரியுமா? வற்புறுத்தலாகாது என்பதன்று, ஆணைத் தொடலாகாது என்பது! 2019-21 ஆய்வின்படி, மணமான இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 38 பேர் அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவையை நம்பியிருக்கும் குடும்பங்கள் ஆயிரத்துக்கு மூன்று. தமிழகத்தில் அறுவை செய்துகொண்ட பெண்கள் சரிபாதிக்கும் மேல். ஆண்களோ நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆணுக்குச் செய்வது எளிது, விரைவில் ஆறும் என்று மருத்துவர் எத்தனை முறை சொன்னாலும், கத்தி மட்டும் வழி தெரிந்தாற்போல் பெண்ணின் வயிற்றையே தேடிப் போகிறது.

பெரியார் இந்தக் கேள்வியை 1930ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே எழுப்பினார். கருத்தடையை ஆதரித்தோர் அன்றும் இருந்தனர். நாட்டின் வறுமைக்காக என்றனர் சிலர், தாயின் உடல்நலத்துக்காக என்றனர் சிலர், குடும்பச் சொத்துச் சிதறாதிருக்க என்றனர் சிலர். அவர் இவர்களிடமிருந்து விலகி நின்றார். பெண் விடுதலை பெறுவதற்காகவே கருத்தடை வேண்டும் என்றார். வேறுபாடு சொல்லளவிலானது என்று எண்ணற்க. வறுமைக்காகக் கருத்தடை வேண்டும் என்பவன், வளம் வந்ததும் "இனிப் பெறு" என்பான். நாட்டுக்காக நிறுத்து என்பவன், நாட்டுக்காகத் தொடங்கு என்பான். சிங்கப்பூரில் நடந்தது அதுவேயன்றோ? பெண்ணுக்காக என்பவன் மட்டுமே இரண்டு காலத்திலும் ஒரே சொல்லைச் சொல்ல முடியும்.

அந்த ஒரே சொல்லை நாம் இன்று நம்மவரிடமே சொல்லவேண்டிய நிலை வந்திருக்கிறது. மனம் கசந்தாலும் சொல்கிறோம்.

மக்களவை இடங்களை 1971ஆம் ஆண்டுக் கணக்கின் அளவிலேயே நிறுத்திவைத்தது 1976இன் 42ஆவது அரசியல் சட்டத் திருத்தம். 2026க்குப் பின் எடுக்கப்படும் முதற் கணக்கெடுப்பு வரை அந்த நிறுத்தத்தை நீட்டித்தது 84ஆவது திருத்தம். இடங்களை மக்கள்தொகைப்படி மறுபங்கீடு செய்தால், சொன்னபடி குடும்பத்தைச் சுருக்கிய தென்னாடு இடங்களை இழக்கும், சுருக்காத வடநாடு பெறும். இது அநீதி. இதில் நமக்கு ஐயமே இல்லை. இந்த அநீதியைச் சுட்டிக்காட்டும் போதுதான், 2024 அக்டோபரில் ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு, மிகுதியாகப் பிள்ளை பெறுங்கள் என்றார். அதே மாதத்தில் தமிழக முதலமைச்சராக இருந்து மு. க. ஸ்டாலின், ஏன் பதினாறு பிள்ளைகள் பெறக்கூடாது என்று திருமண மேடையொன்றில் நகையாகக் கேட்டார். 2025 மார்ச்சில் நாகையில், முன்பெல்லாம் பொறுத்துப் பெறுங்கள் என்று வாழ்த்துவோம், இப்போது உடனே பெறுங்கள் என்று வாழ்த்தவேண்டியிருக்கிறது என்றார். அநீதியின் கொடுமையை உணர்த்தவே அவ்வாறு சொல்லப்பட்டது என்பதை அறிவோம். ஆயினும் நகைச்சுவைக்கும் முகவரி உண்டு. அந்தச் சொல் போய்ச் சேரும் இடம் நாடாளுமன்றமன்று. மணமேடையில் தலைகுனிந்து நிற்கும் பெண்ணிடம் அது போய்ச் சேர்கிறது. அவளைச் சுற்றி நிற்கும் மாமியாரும் மாமனாரும் அதை நகைச்சுவையாகக் கேட்பதில்லை.

கணக்காகப் பார்த்தாலும் அது பயன்படாது. 2019-21இல் பீகாரின் விகிதம் 3.0. தமிழகம் 1.8. இந்த ஓட்டப்பந்தயத்தில் ஓடி வெல்ல எந்தத் தமிழ்ப் பெண்ணாலும் இயலாது, ஓடவும் அவள் கடமைப்பட்டவளல்லள். பீகாரியை நாம் பகைவராக எண்ணவும் காரணமில்லை. அங்கே மூன்று பெறுகிறவளும் தன் விருப்பத்தைவிட மிகுதியாகவே பெறுகிறாள் என்று அதே ஆய்வுகள் காட்டுகின்றன. பள்ளி கிட்டாதவள், செவிலியைக் காணாதவள், மகன் பிறக்கும்வரை நிறுத்த விடப்படாதவள் அவள். நம் பாட்டி இருந்த இடத்தில் அவள் இருக்கிறாள். இடப்பங்கீட்டின் அநீதியை நாடாளுமன்றத்திலும் நீதிமன்றத்திலும் மேடையிலும் எதிர்ப்போம். தலைகளை எண்ணுவது மட்டும் கூட்டாட்சி ஆகாது என்ற வாதம் நம்மிடம் இருக்கிறது, அது வலுவான வாதம். அந்த வாதத்தைச் செய்யவேண்டியவர்கள் நாம். பிரசவ அறையில் கிடந்து அதைச் செய்யவேண்டியவள் அவளல்லள்.

"அப்படியானால் இனம் தேய்ந்து போகட்டுமா? முதியோரைக் காப்பது யார்? பள்ளிகள் வெறிச்சோடினால்?" என்று கேட்போர் உண்டு. இது வீண் கேள்வியன்று. தமிழகத்தில் அறுபது வயது கடந்தோர் நூற்றுக்குப் பதின்மூவருக்கு மேல் என்று 2021ஐ ஒட்டிய மதிப்பீடுகள் சொல்கின்றன, அந்த எண் ஏறுமே தவிர இறங்காது. சமூகத்துக்கு மனிதர் தேவை என்பதையும், சமூகத்தால் வளர்க்கப்பட்ட ஒவ்வொருவரும் அதற்குக் கடன்பட்டவர் என்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் கடனை எதனால் அடைப்பது? வரியால் அடைக்கலாம், உழைப்பால் அடைக்கலாம், அறிவால் அடைக்கலாம். உடலுறுப்பால் அடைக்கச் சொல்லும் கடனை நாகரிக உலகம் வேறெங்கும் ஏற்பதில்லை. இரத்தம் குறைவாக இருக்கிறது என்பதற்காகத் தெருவில் போகிறவனைப் பிடித்து ஊசி ஏற்றுகிறோமா? கொடு என்று கேட்கிறோம், கொடுக்க எளிதாக்குகிறோம், கொடுக்காதவனைக் குற்றவாளி என்று சொல்வதில்லை. ஒரு புட்டி இரத்தத்துக்கு உள்ள மரியாதை, பத்து மாதச் சுமைக்கும் இருபதாண்டு வளர்ப்புக்கும் இல்லையா?

பிறவாத தமிழரைப் பற்றிக் கவலுறுவோர், வந்து சேர்ந்த பிள்ளைகளையும் பார்த்தல் வேண்டும். உணவகங்களிலும் கட்டடங்களிலும் ஆலைகளிலும் வடநாட்டுத் தொழிலாளர் வந்து உழைக்கின்றனர். அவர்தம் பிள்ளைகள் நம் பள்ளிகளில் அமர்ந்து தமிழ் படிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளை அகரம் எழுதும்போது தமிழ் தேய்கிறதா, வளர்கிறதா? மோரிசுத் தீவில் நம் பிள்ளைகளை ஏற்றுக்கொண்டவர்களை வாழ்த்துகிற நாம், நம் தெருவில் அந்தக் கேள்விக்கு என்ன விடை சொல்லப்போகிறோம்? பலருக்கு இது பிடிக்காது. பிடிக்காது என்பது தெரிந்தே எழுதுகிறோம்.

இன்னொரு பக்கத்தையும் மறைக்கலாகாது. ஒன்றோடு நிறுத்தியவர் அனைவரும் விரும்பி நிறுத்தியவரல்லர். இரண்டாவது வேண்டும் என்று எண்ணியும், வாடகையைப் பார்த்து, பள்ளிக் கட்டணத்தைப் பார்த்து, வேலை போய்விடும் என்று அஞ்சி நிறுத்திக்கொண்டவர் பலர். பெறாதே என்று தடுப்பது எவ்வளவு அநீதியோ, பெற விரும்புகிறவளுக்குப் பெற முடியாத வாழ்க்கையைக் கொடுப்பதும் அவ்வளவு அநீதியே. இங்கேதான் அரசுக்கு வேலை இருக்கிறது. மேடையில் அந்த வேலை முடியாது.

இதையும் எண்ணிப் பாருங்கள். தமிழக அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர். முதல் மணத்தில் பிறந்த இரண்டு பிள்ளைகள் மணமுறிவுக்குப் பின் முன்னாள் கணவரிடம் வளர்கிறார்கள். மறுமணம் செய்துகொண்டார் (மறுமணத்துக்காக எத்தனை மாநாடுகளில் தீர்மானம் போட்டோம்!), கருவுற்றார், மகப்பேற்று விடுப்புக் கேட்டார். இது மூன்றாவது பிள்ளை, விடுப்பு இல்லை என்று விதி கைவிரித்தது. உயர்நீதிமன்ற அமர்வும் கைவிரித்தது. 2025 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கி, மகப்பேற்று விடுப்பு பெண்ணின் மகப்பேற்று உரிமையின் பகுதி என்று கூறி அவருக்கு விடுப்பு வழங்கச் செய்தது. மார்ச்சில் மேடை "உடனே பெறுங்கள்" என்றது. மே வரை கோப்பு "மூன்றாவதுக்கு விடுப்பில்லை" என்று வழக்காடிக்கொண்டிருந்தது! இரண்டும் ஒரே அரசின் குரல்.

அவராவது அரசுப்பணியாளர், வழக்காட முடிந்தது. தார் சுற்றுகிறவள் என்ன செய்வாள்? 2017இல் திருத்தப்பட்ட மகப்பேற்றுநலச் சட்டம் இருபத்தாறு வாரம் ஊதியத்தோடு விடுப்பு என்றது. பத்துப் பேருக்குக் குறைந்த இடத்தை அச்சட்டம் எட்டிப் பார்த்ததில்லை. ஐம்பது பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றும் அச்சட்டம் சொன்னது. எங்கள் ஊர்த் தறிக்கூடங்களில் ஐம்பது பேர் ஓரிடத்தில் நிற்பது அரிது. நாலு தறி, எட்டுத் தறி, நாலைந்து பேர், அவ்வளவுதான் பல கூடங்கள். வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றுகிறவளுக்கோ கூடமே கிடையாது. அங்கன்வாடி இருக்கிறது, 1975இல் தொடங்கிய திட்டம், நல்ல திட்டம். ஆனால் அது மாலைக்குள் கதவடைத்துவிடும், தறி இரவு வரை ஓடும். இடைப்பட்ட அந்த மணிநேரங்களில் பிள்ளை, பாவுக்கும் பொறிக்கும் இடையே, பஞ்சுத்தூசியில் உறங்குகிறது. தறிக்கூடங்கள் நெருங்கியிருக்கும் தெருக்களுக்குப் பொதுவாக ஒரு காப்பகம், தறி நிற்கும்வரை திறந்திருக்கும் அங்கன்வாடி, அங்கே பணிபுரியும் பெண்ணுக்கு முறையான ஊதியம் ஆகியவற்றை நகராட்சியும் மாநில அரசும் தறி உரிமையாளரும் சேர்ந்து அமைக்கலாம். செலவு எவ்வளவு ஆகும் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

அதன் பிறகும் அவள் ஒன்றே போதும் என்றால், அது அவள் கணக்கு.